வேலையோடு தொழில்: மலையில் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலில் ஜூன் பிறந்தால் போதும், "வேலையை விட்டுட்டேன் அண்ணா, இனி முழு நேரமும் கடைதான்" என்று யாராவது வந்து நிற்பார்கள். நான் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள தாண்டிக்குடியின் காப்பியை வாங்கி, வறுத்து, அரைத்து விற்பவன். அதனால் என்னிடம் வருகிறார்கள். வரவு செலவு எழுதுங்கள், தரத்தை விடாதீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். சறுக்குவது வேறு இடங்களில்.

மே மாத வசூலை வைத்து ஆண்டுக் கணக்குப் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நல்ல உழைப்பாளிகள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

ஒரு தம்பி விடுதியில் வரவேற்பில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் காப்பித்தூள், மிளகு, மலைப்பூண்டு விற்றார். ஒரு மே மாதத்தில் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு கையில் நின்றது. அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஜூனில் ராஜினாமா கொடுத்தார். ஜூலையில் சாரலும் பனிமூட்டமும். ஆள் வரவில்லை, வாடகை மட்டும் குறையவில்லை. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் தந்த பணம் பாக்கி அடைக்கவே சரியாகப் போனது. நவம்பரில் சரக்கு எடுக்கக் காசில்லாமல் மனைவியின் நகை அடகுக்குப் போனது. தை மாதம் வேறொரு விடுதியில், பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தார்.

காப்பியில் பணம் போகும் மாதம் வேறு, வரும் மாதம் வேறு. கீழ்மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் எடுப்பு நடக்கும். சரக்குக்கு அப்போதே பணம் தர வேண்டும். அது திரும்ப வருவது ஏப்ரல், மேயில். வறுக்கும்போது கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை குறையும். அந்த நட்டத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். இடையிலுள்ள மாதங்களுக்குச் சம்பளம் இருந்தால்தான் அரிசி பருப்புக்காகத் தொழிலில் போட்ட முதலீட்டில் கை வைக்காமல் இருக்கலாம்.

அந்தச் சீசனும் உறுதியில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2020 ஊரடங்கில் ஏப்ரலும் மேயும் அப்படியே போயின. 2024 மே 7 முதல், வெளியூர் வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதியான இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலைக்கு அது அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கிலும் அது இருக்க வேண்டும்.

வேலையை விடலாமா என்று கேட்பவர்களிடம் நான் ஜூலைக் கணக்கைத்தான் கேட்பேன். மதுரை, திண்டுக்கல் என்று கீழே இருந்து மாதாமாதம் பார்சலில் வாங்குகிறவர்களின் பணம் மட்டுமே வீட்டுச் செலவைத் தாங்குகிறதா? இரண்டு மழைக்காலம் தொடர்ந்து தாங்கட்டும், அப்புறம் பேசலாம்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்து மிஷின் வாங்குவது

5 ஆண்டு தொடர் பணி முடியும் முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. 58 வயதில் மாத ஓய்வூதியம் வர 10 ஆண்டு சேவை வேண்டும். ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர்கள் தயவுசெய்து பொறுங்கள்.

அலுவலக நேரத்தில் ஆர்டர் எடுப்பது

வேண்டாம்.

அரசு வேலையில் இருந்துகொண்டு கேட்காமல் தொடங்குவது

நடத்தை விதிகள் இதை அனுமதிப்பதில்லை. முதலில் எழுதிக் கேளுங்கள்.

சீசனில் லீவு கிடைக்கும் என்று நம்புவது

விடுதி, கடை, டிராவல்ஸ் என்று எங்கே வேலை பார்த்தாலும் முதலாளிக்கும் உங்களுக்கும் ஒரே மே மாதம்தான். அன்று காலையில் காய்ச்சல் என்று போன் செய்யாதீர்கள். ஊர் சின்னது, சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். மார்ச்சிலேயே பேசி, எந்த நாட்கள் கிடைக்கும் என்று முடிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மீதி நாட்களுக்குக் கூலிக்கு ஆள் போடுங்கள்.