குறைந்த செலவில் வீட்டு ஒலிப்பதிவுக்கு டிஜிட்டல் பியானோ வாங்குவது எப்படி?

வீட்டில் ஒலிப்பதிவு செய்வதற்காக டிஜிட்டல் பியானோ வாங்குபவர், கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியை விசைகளின் தரத்துக்கே ஒதுக்க வேண்டும். ஒலி பிடிக்காவிட்டால் பின்னர் கணினி மென்பொருளைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். விரலின் அழுத்தத்தைச் சரியாக உணராத விசைகளுக்கு அப்படியொரு மாற்றுவழி கிடையாது. ஆகவே, சுத்தியல் இயக்கம் (அசல் பியானோவின் சுத்தியல்களைப் போன்ற அழுத்த உணர்வைத் தரும் அமைப்பு) கொண்ட, எடையுள்ள 88 விசைகளை உடைய கருவியை முதலில் தேடுங்கள். ஒரே விசையை மிக மென்மையாகத் தொடங்கி வரவரப் பலமாக அழுத்தி, ஒலி படிப்படியாக வளர்கிறதா, திடீரெனத் தாவுகிறதா என்று கவனியுங்கள். இந்தச் சோதனையை அவசரமாக முடித்துவிடாதீர்கள்.

அடுத்தது இணைப்பு. யுஎஸ்பி வழியே மிடி தகவலை, அதாவது ஒலியை அல்லாமல் வாசிப்பின் குறிப்புகளை, அனுப்பும்போது, எந்த விசை எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்பதே கணினியில் பதிவாகும் என்பதால், தவறிய ஒரு சுரத்தைத் திருத்த முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் யுஎஸ்பி துளை இருப்பதாலேயே ஒலியும் அதில் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. மலிவான கருவிகள் பலவற்றில் மிடி மட்டுமே செல்லும். கருவியின் சொந்த ஒலியைப் பதிய விரும்பினால் லைன் அவுட் (ஒலியை வெளியே அனுப்புவதற்கான துளை) இருப்பது நல்லது. அது இல்லையெனில், ஹெட்போன் துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் சாதனம்) இரண்டு லைன் உள்ளீடுகளுக்கு, இரண்டாகப் பிரியும் கம்பி வழியே இணைக்கலாம்.

உள்ளமைந்த ஒலிபெருக்கிகளுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். பதிவில் அவற்றுக்கு வேலையில்லை. மிச்சமாகும் தொகையில், பாதி அழுத்தத்தையும் உணரும் பெடல் ஒன்றை, கருவி அதை ஏற்குமா என்று கையேட்டில் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.