காட்டுக்குள் வகுப்பறையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்

மரங்களுக்கு நடுவே, பிள்ளைகளின் ஆர்வம் போகும் வழியில் கற்றுக்கொள்ள விடும் காட்டுப் பள்ளி (ஃபாரஸ்ட் ஸ்கூல்) முறை டென்மார்க்கில் 1950களில் தொடங்கியது. 1993இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக் குழு அதை இங்கிலாந்தில் நடத்திக் காட்டியது. இன்று பல நாடுகளில் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் சறுக்கல் பெரும்பாலும் கூடப் போகும் பெரியவர்களிடம்தான் தொடங்குகிறது. பிள்ளை என்ன கற்றது என்பதை உடனே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு.

அந்த அவசரத்தில்தான் பட்டியல் அச்சடித்துக்கொண்டு போகிறோம். பத்து வகை இலை, ஐந்து விதை, ஒரு இறகு, கண்டுபிடித்ததும் டிக் போடு. பிள்ளைகள் குனிந்தபடி ஓடி ஓடிச் சேகரிப்பார்கள், பட்டியல் முடிந்ததும் "முடிச்சாச்சு, அடுத்து என்ன?" என்று வந்து நிற்பார்கள். காட்டைப் பார்க்க அவர்களுக்கு நேரமே இருந்திருக்காது. முதல் அரைமணி நேரம் எதுவும் நடக்காதது போலத் தெரிந்தாலும் பொறுத்திருங்கள். குச்சியை இழுத்துக்கொண்டு சும்மா அலைகிற பிள்ளைதான் கொஞ்ச நேரத்தில் அதைப் பாலமாகப் போடும்.

இதைவிடப் பெரிய தவறு, ஓயாத கேள்வி. உளுத்துப்போன கட்டை ஒன்றை ஒரு பிள்ளை புரட்டுகிறது. அடியில் ஒரு மரவட்டை. விரல் பட்டதும் அது சுருண்டுகொள்கிறது. பிள்ளை மூச்சுவிடாமல் காத்திருக்கிறது: மெல்ல விரிகிறது, தலைப்பக்கம் முதலில் அசைகிறது, கால்கள் அலை அலையாக நகர்கின்றன. அந்த நேரம் பார்த்து நாம் போய், "இதுக்கு எத்தனை கால்? என்ன நிறம்? பேர் என்ன?" என்கிறோம். பிள்ளையின் கண் மரவட்டையை விட்டு நம் முகத்துக்கு வந்துவிடுகிறது, சரியான பதிலைத் தேடி. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள், போதும். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், "அட, இப்போதான் விரியுது" என்று கண்டதைச் சொல்லுங்கள். பெயர் வேண்டும் என்றால் பிள்ளையே கேட்கும்.

சரி, அப்படியானால் பெரியவருக்கு வேலையே இல்லையா? இதுதான் எதிர்ப்பக்கத்துத் தவறு. "அவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டேன்" என்று ஒதுங்கி போனைப் பார்ப்பது பிள்ளைவழிக் கல்வி ஆகாது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முக்கியமாக மேலே பார்க்க வேண்டும், பட்டுப்போன கிளை எதுவும் தொங்குகிறதா என்று. பலத்த காற்று அடிக்கும் நாளில் மரங்களுக்கு அடியில் போகவே கூடாது. எல்லை எதுவரை, கூப்பிட்டால் எங்கே கூட வேண்டும் என்பதை விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். அப்புறம், யார் எதில் மூழ்குகிறார்கள் என்று கவனித்துக் குறித்துவைத்தால், அடுத்த முறை கயிறு கொண்டுபோவதா, பூதக்கண்ணாடியா என்பது தெரிந்துவிடும்.

மரம் ஏறும் பிள்ளையைப் பார்த்து "பார்த்து! விழுந்திடுவே!" என்று கத்துவதில் பயம் மட்டும்தான் போய்ச் சேர்கிறது. "அந்தக் கிளை காய்ஞ்சிருக்கா பாரு", "அடுத்த காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேட்டால் பிள்ளையின் கவனம் கிளைக்குத் திரும்பும். தானாக ஏற முடியாத கிளையில் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தானே ஏறிய பிள்ளைக்குத்தான் வந்த வழி தெரியும். நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தேடிப்போகும் துணிச்சல் விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவி, நெருப்பும் ஆழநீரும் போன்றவை, மல்லுக்கட்டு, தனியாகப் போய்த் தொலைவது. எல்லாவற்றையும் தடுத்தால் ஆபத்தை எடைபோடப் பிள்ளை எங்கே பழகும்? ஆனால் கத்தியைக் கொடுத்தால் முறையும் கூடவே வர வேண்டும். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. குச்சியைப் பிடிக்கும் கையில் கையுறை, கத்தி பிடிக்கும் கையில் வேண்டாம். வாயில் வைக்கும் எதிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தெரியாத பழம், காளான், இலை எதையும் சுவைக்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப்போய்விட்டு "நாங்களும் செய்கிறோம்" என்பது இன்னொரு தவறு. அது சுற்றுலா. பிரிட்டனின் ஃபாரஸ்ட் ஸ்கூல் அசோசியேஷன் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, பருவங்கள் மாற மாறத் தொடர வேண்டும் என்கிறது. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் போன தடவை ஈரமாக இருந்த பள்ளம் காய்ந்ததும், கட்டிய குடிசை சாய்ந்ததும் பிள்ளையின் கண்ணில் படும். கூச்சப்படும் பிள்ளை வாய் திறப்பதற்கும் சில வாரங்கள் ஆகும்.

மழைத்தூறல், சேறு என்று ரத்து செய்வதும் வேண்டாம், மாற்று உடையும் நல்ல பூட்ஸும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

கடைசியாக, காட்டை மறந்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் பல கால்கள் மாதக்கணக்கில் மிதித்தால் மண் இறுகி வேர்களுக்குக் காற்றும் நீரும் போகாது, அதனால் அதே காட்டுக்குள் கூடி விளையாடும் இடத்தை அவ்வப்போது மாற்றிப் பழையதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். உயிருள்ள கிளையை ஒடிக்காமல் விழுந்த குச்சியை எடுக்கப் பழக்குங்கள். கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டையில் இறுகி மரத்தை நோகடிக்கும். புரட்டிய கட்டையை மெதுவாக, அது இருந்த பள்ளத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். அடியில் மரவட்டை இருந்தால் அதை முதலில் ஓரமாக விட்டுவிட்டு.