யூகே வர்ற வீசிங் பார்ட்டிகளுக்கு

வீசிங் இருக்கறவங்க செப்டம்பர்ல இங்க வந்து இறங்கறீங்கன்னா, ரைஸ் குக்கர் வாங்கறதுக்கு முன்னாடி ஜிபி (ஏரியா குடும்ப டாக்டர்) கிட்ட ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, விசாவுக்கே ஹெல்த் சர்சார்ஜ் கட்டியாச்சுல்ல. ஸ்கூல் திறந்ததும் சளி வைரஸ் சுத்த ஆரம்பிக்கும், ஊர்ல நாலு நாள் மூக்கு ஒழுகிட்டு போறது இங்க நேரா நெஞ்சுக்கு இறங்கிடும்.

நான் வந்த வருஷம் அக்டோபர்ல சாதா சளிதானேன்னு விட்டேன். மூணாம் நாள் மாடி ஏறும்போது மூச்சு வாங்கி பாதிப் படியிலயே உக்காந்துட்டேன். அம்மா பையில போட்டு விட்ட வைசோலோனை, அதான் ஸ்டீராய்டு மாத்திரையை, ரெண்டு நாள் முழுங்கிட்டு, சரியாயிடுச்சுன்னு நிறுத்தினேன், அடுத்த வாரமே திரும்பிடுச்சு. நர்ஸ் கேட்டது ஒண்ணுதான், ப்ரவுன் பம்ப் தினமும் அடிக்கிறியா? எங்க, அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர் சூட்கேஸை விட்டே வெளிய வரல.

நீல பம்ப், அதான் நம்ம அஸ்தலின், இறுகின குழாயை கொஞ்ச நேரம் விரிச்சு விடும், அவ்ளோதான். உள்ள இருக்கற வீக்கத்தை குறைக்கறது ஸ்டீராய்டு. பம்ப்ல வர்றது மைக்ரோகிராம் கணக்கு, அதுக்குப் போய் பயப்படறோம், ஆனா மாத்திரையை மிட்டாய் மாதிரி போடறோம்! அட்டாக் வந்தா பெரியவங்களுக்கு பொதுவா பிரெட்னிசோலோன் (வைசோலோன்ல இருக்கறதும் இதான்) ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், குறைஞ்சது 5 நாள், காலைல சாப்பிட்டுட்டு. சுகர் இருந்தா ஏறும், சொல்லிடுங்க. பம்ப் அடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா படியும்.

நீலத்தை மட்டும் வெச்சு ஓட்டக்கூடாதுன்னு 2024 நவம்பர்ல இங்க கைட்லைனே மாத்திட்டாங்க, ஃபோராகார்ட் மாதிரி ஸ்டீராய்டும் குழாயை விரிக்கற மருந்தும் கலந்த பம்ப் பத்தி கேளுங்க. இங்கிலாந்துல ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு (2025 ரேட்), ஆஸ்துமாவுக்கு விலக்கு கிடையாது, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல ஃப்ரீ.

இன்னொண்ணு, காய்ச்சலுக்கெல்லாம் ஸ்டீராய்டை நினைச்சு ஊர் மாதிரி "ஒரு ஊசி போடுங்க டாக்டர்"னு கேக்காதீங்க. ஸ்டீராய்டு வைரஸை கொல்லாது. 2020ல இங்க நடந்த ரெகவரிங்கற மருந்து ஆராய்ச்சில டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு காப்பாத்தினது ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் பேஷன்ட்டுங்களைத்தான், ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பிரயோஜனமே இல்ல.

காலைல 8 மணிக்கு ஜிபிக்கு ஃபோன் போட்டு சளின்னு சொன்னா ஃபார்மஸிக்கு போகச் சொல்லிடுவாங்க. "ராத்திரி மூச்சு முட்டி எழுந்துட்டேன், நீல பம்ப் நாலு மணி நேரம்கூட தாங்கல"ன்னு சொல்லுங்க. முழுசா ஒரு வாக்கியம் பேச முடியலன்னா ஜிபி எல்லாம் வேணாம், நேரா 999 போட்டு ஆம்புலன்ஸை கூப்பிடுங்க.