பாம்புக்கு இரை கொடுக்க இடம் மாற்ற வேண்டாம்

வளர்ப்புப் பாம்புக்கு அதன் கூண்டுக்குள்ளேயே இரை கொடுங்கள். உறைந்த எலியை வெதுவெதுப்பான நீரில் வைத்து, உள்ளே குளிர் போனதும் துடைத்து, நீளமான இடுக்கியால் பிடித்து நீட்டினால் போதும். தனிப் பெட்டிக்கு மாற்றினால் சாப்பிட்டதும் திரும்பத் தூக்க வேண்டிவரும். எலி வாசனை பிடித்திருக்கும் பாம்புக்கு உங்கள் சூடான கையும் இரைதான். விழுங்கியதைக் கக்கியும் விடலாம், அது அதன் உடம்புக்கு ரொம்பக் கெடுதல். சாப்பிட்ட பிறகு 48 மணி நேரமாவது தொடாதீர்கள்.

உள்ளேயே கொடுத்தால், கூண்டைத் திறந்தாலே இரை என்று நினைத்துக் கடிக்க வருமோ என்ற பயமா? மற்ற நாட்களில் தூக்கும் முன் பாம்பைத் தூக்கும் நீளக் கொக்கியால் உடம்பை மெல்லத் தொடுங்கள், சாப்பாடு இல்லை என்று பழகிவிடும்.

ஒரே கூண்டில் இரண்டு பாம்புகள் இருந்தால் உள்ளேயே இரை கொடுப்பது சரிவராது. ஒரே எலியை இரண்டும் கவ்வினால் ஒன்று மற்றதையே விழுங்கப் பார்க்கும். அங்கே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.