குளிர் மலையில் அக்ரிலிக் தீட்டுவோருக்கு

அக்ரிலிக் வர்ணம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று நம்பி நுவரெலியாவில் தூரிகை எடுப்பவர்கள், மழைக்கால மாலையில் அரை மணி நேரமாகியும் ஈரம் போகாததைக் கண்டு வர்ணத்தைக் குறை சொல்வதுண்டு. நீர் ஆவியாகி, அதிலுள்ள பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் படலம் உருவாகும். சுமார் 10 பாகை செல்சியசுக்குக் கீழே அவை சரியாக ஒட்டாமல் பின்னர் வெடிப்பு விழலாம் என்பதால், ஜனவரி இரவுகளைத் தவிர்த்து, முற்பகல் வெயில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள். பூச்சைப் புறங்கையால் தொடும்போது சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் அடுத்ததைத் தேய்த்தால் கீழ்ப்படை உரிந்து தூரிகையோடு வந்துவிடும். தேயிலைப் பச்சையைக் குழாயிலிருந்து அப்படியே பூசாமல் (என் முதல் மலைச்சரிவு பிளாஸ்டிக் போலிருந்தது), மஞ்சளுடன் அல்ட்ராமரீன் நீலமும் துளி காவியும் கலந்து, காய்ந்தால் கருக்கும் என்பதால் சற்று வெளிறலாகவே வையுங்கள்.