20 ஆயிரத்துல காலேஜ் லேப்டாப்: கடையில நின்னு செக் பண்ணி வாங்குறது எப்படி

அக்கா பொண்ணு பி.காம் சேந்துருக்கா. "மாமா, லேப்டாப் வேணும், அம்மா 20 ஆயிரத்துக்கு மேல ஒரு ரூபா தர மாட்டாங்களாம்"னு போன் பண்ணா. சரின்னு சென்னையில கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு கூட்டிட்டு போய் ஒரு செகண்ட் ஹேண்ட் பீஸ் வாங்கிக் குடுத்தேன். அங்க என்னென்ன பாத்தேனோ அத அப்படியே எழுதுறேன், கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணுமே தெரியலனாலும் இத போன்ல வச்சுக்கிட்டு போய் செக் பண்ணிடலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. 2025-26 பட்ஜெட்டுல தமிழ்நாடு அரசு ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் பசங்களுக்கு லேப்டாப் இல்லன்னா டேப் தர்றதா அறிவிச்சிருந்தாங்க. உங்க காலேஜ்ல, உங்க வருஷத்துக்கு வருதான்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. காசு மிச்சமானா நல்லதுதானே.

புதுசா, பழசா?

இந்த காசுக்கு ஷோரூம்ல புதுசு கிடைக்காதுன்னு இல்ல, கிடைக்கும், ஆனா உள்ள மூளையா இருக்குற ப்ராசஸர் பெரும்பாலும் செலரான்ங்கிற கம்மி ரகம், அதுல வேலை பாக்குற கோர் ரெண்டே ரெண்டு, தொறந்து வச்ச வேலையெல்லாம் தாங்குற ரேம் மெமரி 4 ஜிபி, அதுவும் போர்டுலயே ஒட்டி வச்சது, அப்புறம் மாத்தவே முடியாது. குரோம்ல பத்து டேப் தொறந்து கூடவே ஜூம் ஓட்டுனா மூச்சு முட்டும். அதே காசுக்கு பெரிய கம்பெனிங்க நாலஞ்சு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா கழிச்சு விடுற ஆபீஸ் லேப்டாப் வாங்குனா உடம்பும் கெட்டி, உள்ள இருக்குற சரக்கும் நல்ல சரக்கு. டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக், இந்த மூணு குடும்பத்துக்குள்ளயே தேடுங்க. கடைக்காரர் வேற ஏதாவது பளபளன்னு எடுத்து நீட்டுவாரு, பாத்துட்டு வச்சிடுங்க.

கம்மி விலைன்னு குரோம்புக் பக்கம் போயிடாதீங்க, குறிப்பா காமர்ஸ் பசங்க. அதுல ஓடுறது விண்டோஸ் இல்ல, கூகுளோட குரோம் ஓஎஸ். கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்.

என்ன கேட்கணும்

ஐ5ங்கிறது இன்டெல் ப்ராசஸர்ல ஒரு வகை. கடையில போய் "ஐ5 இருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்து வருஷத்துக்கு முந்தின ஐ5 எடுத்துக் குடுத்துருவாங்க, அதுவும் ஐ5தானே, பொய் சொன்னாங்கன்னு சண்டையும் போட முடியாது. எத்தனாவது ஜெனரேஷன்னு பாக்கணும். ஐ5-8250யுன்னு இருந்தா அந்த 8தான் ஜெனரேஷன். ஐ5-1135ஜி7னு இருந்தா 11ஆவது. ஐ5-7200யு வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஏன்னா விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் முறைப்படி அனுமதி. "ஏழுலயும் 11 போட்டுத் தர்றேன்ணா, சூப்பரா ஓடும்"பாங்க. ஓடும்தான், ஆனா அப்டேட் தொடர்ந்து வரும்னு மைக்ரோசாஃப்ட் கேரண்டி குடுக்கல. அதுவும் போக ஏழாவதுல ரெண்டு கோர், எட்டாவதுல நாலு கோர், ஒரே ஒரு நம்பர் தாண்டுனதுக்கு இவ்ளோ வித்தியாசம்.

ரேம் 8 ஜிபி இருக்கணும், கூட இன்னொரு ஸ்லாட் இருந்தா ரொம்ப நல்லது. திங்க்பேட் டி480ல ரெண்டு ஸ்லாட் உண்டு, டி480எஸ்ல ஒண்ணு போர்டுலயே ஒட்டிருக்கும், ஒரு ஸ்லாட்தான். ஒரு எழுத்துதான் வித்தியாசம், பாத்து வாங்குங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எல்லாம் ஓட்டணும்னா 16 ஜிபி போடுங்க. விஸ்காம்ல வீடியோ எடிட்டிங், மெக்கானிக்கல்ல 3டி டிசைன்னு போறவங்களுக்கு இந்த பட்ஜெட் பத்தாது, அது தனிக் கதை.

ஃபைல் எல்லாம் சேத்து வைக்கிற எஸ்எஸ்டி 256 ஜிபி போதும். விண்டோஸ்ல பாத்தா 238னு காட்டும், ஏமாத்திட்டாங்கன்னு பதறாதீங்க, கணக்கு போடுற விதம் வேற, அவ்ளோதான். ஸ்கிரீன் 1920க்கு 1080 கேளுங்க. 1366க்கு 768 பேனல் போட்ட லாட்டிட்யூட் நிறைய சுத்துது, எக்செல் தொறந்தா பாதி கட்டம் ஸ்கிரீனுக்கு வெளிய நிக்கும்.

கடையில அரை மணி நேரம்

சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில்ல இறங்குனா நடந்தே போயிடலாம். ஞாயித்துக்கிழமை நிறைய ஷட்டர் மூடிருக்கும், மத்த நாள்ல காலையிலயே போங்க, சாயங்காலம் கூட்டத்துல நின்னு செக் பண்ண விட மாட்டாங்க. "ஏ கிரேடு பீஸ்ணா, கண்ண மூடிட்டு வாங்குங்க"ன்னு எல்லா கடையிலயும் சொல்வாங்க. நாம கண்ண தொறந்து வச்சுக்கிட்டுதான் வாங்கப் போறோம்.

முதல்ல பயாஸுக்குள்ள போங்க, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே தொறக்குற செட்டிங்ஸ் பக்கம் அது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது டெல்லுனா எஃப்2, திங்க்பேடுனா எஃப்1, எச்பினா எஃப்10 தட்டிக்கிட்டே இருக்கணும். பாஸ்வேர்டு கேட்டா அந்த பீஸ் வேண்டாம், பழைய கம்பெனியோட பூட்டு இன்னும் தொங்குதுன்னு அர்த்தம்.

அடுத்து இதவிட முக்கியமானது. விண்டோஸ் புதுசா போட்ட நிலையில, முதல் செட்டப் ஸ்கிரீன்லயே வச்சுத் தரச் சொல்லி உங்க போன் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணுங்க. ஏதோ ஒரு கம்பெனி பேர் போட்டு ஆபீஸ் மெயில் ஐடி குடுன்னு கேட்டா அந்த மெஷின் இன்னும் அந்த கம்பெனி கணக்குலதான் இருக்கு. நெட் இல்லாம செட்டப் முடிச்சு வித்துருவாங்க, வீட்ல என்னைக்காவது ரீசெட் பண்ணும்போதுதான் மாட்டும். நாங்க பாத்த ரெண்டாவது பீஸ்ல இப்படித்தான் ஒரு பேர் வந்துச்சு. கடைப் பையன் சட்டுனு லேப்டாப்ப மூடிட்டு "வேற எடுத்தாறேன்ணா"ன்னு உள்ள போயிட்டான்.

செட்டப் முடிஞ்சதும் பேட்டரி. சர்ச்ல சிஎம்டின்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு கறுப்பு பெட்டி வரும். அதுல பவர்ங்கிற வார்த்தைய ஒட்டியே சி, எஃப், ஜி மூணு எழுத்து, அப்புறம் ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், அத ஒட்டி பேட்டரிரிப்போர்ட்னு இடைவெளி விடாம ஒரே வார்த்தையா, எல்லாமே இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க. ஃபைல் எங்க சேவ் ஆச்சுன்னு அதுவே சொல்லும், போய் தொறந்தா டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு நம்பர் இருக்கும். இவளுக்கு எடுத்த லாட்டிட்யூட் 7490ல 60,000, 45,600னு இருந்துச்சு, அதாவது 76 சதவீதம். ஓகே. 60க்கு கீழ போனா பேட்டரி மாத்திக் குடுங்க, இல்ல விலைய குறைங்கன்னு அங்கயே பேசிடணும். டி480ல பேட்டரியே ரெண்டு இருக்கும், ரிப்போர்ட்ல ரெண்டையும் பாருங்க.

சார்ஜர் விஷயத்துல நான் சூடு பட்டவன். முன்னாடி ஒரு தடவை என் ஃப்ரெண்டுக்கு ஒரு கடையில டெல் வாங்கிட்டு வந்தோம், சார்ஜர் டூப்ளிகேட். சொருகுனா அடாப்டர் என்னன்னே தெரியலன்னு பூட் ஆகும்போது மெசேஜ், பேட்டரியும் ஏறல, வேகமும் பாதியா குறைஞ்சு போச்சு. ஒரிஜினல் இல்லன்னா டெல் அப்படித்தான் பண்ணும். திரும்பக் கொண்டு போனா "செக் பண்ணித்தானே எடுத்தீங்க"ன்னுட்டான். அதனால உங்களுக்குத் தரப்போற சார்ஜரையே சொருகி, பேட்டரி பர்சன்ட் ஒண்ணாவது ஏறுற வரைக்கும் நில்லுங்க.

மிச்சமெல்லாம் சின்னச் சின்ன வேலை. நோட்பேட் தொறந்து ஒவ்வொரு கீயா அடிங்க, யுஎஸ்பி ஓட்டை ஒண்ணு விடாம பென்டிரைவ் சொருகுங்க, கேமரா மைக் ஸ்பீக்கர் பாருங்க, போன்ல வெள்ளைப் படம் ஒண்ணு கறுப்புப் படம் ஒண்ணு வச்சிருந்து அனுப்பி ஃபுல் ஸ்கிரீன்ல போட்டா புள்ளியோ திட்டோ இருந்தா பளிச்சுனு தெரியும். ஸ்கிரீன தொறந்து மூடும்போது டக்குனு சத்தம் வந்தா ஹின்ஜ், அதாவது கீல், போகப் போகுது. டெல்லுனா அடியில இருக்குற சர்வீஸ் டேக் நம்பர டெல் சைட்ல போட்டா எந்த வருஷம் அனுப்புன மெஷின்னு வந்துடும், "ரெண்டு வருஷம்தான் ஆச்சுணா" கதையெல்லாம் அதோட முடிஞ்சுது.

பில்

பில்லுல சீரியல் நம்பரும் வாரண்டி எத்தனை மாசம்னும் எழுதி வாங்குங்க. வாய்வார்த்தை வாரண்டி தெரு முனையத் தாண்டுறதுக்குள்ள காலாவதி ஆயிடும். ஆஃபீஸ் சாஃப்ட்வேர் போட்டுத் தர்றேன்னு ஐநூறு ஆயிரம் கேட்டா வேண்டாம்னுடுங்க, பெரும்பாலும் கிராக் காப்பிதான். காலேஜ் மெயில் ஐடி இருந்தா, பிரவுசர்ல ஓடுற ஆஃபீஸ மைக்ரோசாஃப்ட்டே ஃப்ரீயா தர்றாங்க, காலேஜ் பதிவு பண்ணிருந்தா போதும், இல்லன்னா ஃப்ரீயாவே கிடைக்கிற லிப்ரெ ஆஃபீஸ் இருக்கு.

எங்களுக்கு 18,500க்கு ஆரம்பிச்சு 17,000ல முடிஞ்சுது. மிச்சத்துல ஒரு பேக், ஒரு மவுஸ். ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நிக்கும்போதே அடியில ஒட்டிருந்த பழைய கம்பெனி ஸ்டிக்கர நகத்தால சுரண்ட ஆரம்பிச்சுட்டா, பேப்பர் மட்டும் வந்து பசை அப்படியே பிசுபிசுன்னு நின்னுடுச்சு. அதுக்கு ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் தடவி அஞ்சு நிமிஷம் விட்டுத் துணியால துடைங்க, சர்வீஸ் டேக் நம்பர் மேல மட்டும் படாம.