பயந்த நாய்க்கு வீடு தேடும்போது நாங்கள் விடும் பிழைகள்

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. நாயை வந்து கொண்டு போங்கோ.”

சூட்டியைக் கொடுத்து நாலாம் நாள் காலை இப்படி ஓர் அழைப்பு. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடி, ஐந்தாம் மாடி. போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறாள். நாலு நாளாக லிஃப்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றிருக்கிறாள், வெளிக்கும் போகவில்லை. கீழே பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் நேரமெல்லாம் நடுக்கம். முந்தின நாள் இரவு அந்த வீட்டுச் சின்னவன் கட்டிலுக்கு அடியில் கையை விட, பல் பட்டிருக்கிறது. தோல் கிழியவில்லை என்பது அவனுடைய அதிர்ஷ்டம், என்னுடையதும்.

அவர்கள் நல்ல மனிதர்கள். ‘அமைதியான, அன்பான நாய், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது’ என்று எழுதிப் போட்டவன் நான்தான். காப்பகத்திலிருந்து நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் பிறகு கவனித்துப் பார்த்ததில், பயந்த நாய் திரும்பி வருவதற்கு அன்பில்லாத வீடு காரணமாக இருப்பது குறைவு. எங்கள் அவசரமும், ‘சொன்னால் எடுக்க மாட்டார்கள்’ என்று நாங்கள் விழுங்கிவிடும் விஷயங்களுமே பெரும்பாலும் காரணம்.

உறைந்து கிடப்பதை அமைதி என்று நினைப்பது

ஞாயிற்றுக்கிழமை தத்தெடுப்பு முகாம். கூடாரம், ஒலிபெருக்கி, குரைக்கும் குட்டிகள், செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள். ஒரு மூலையில் ஒரு நாய் அசையாமல் படுத்திருக்கும். யார் தடவினாலும் பேசாமல் இருக்கும். “பாருங்கோ, என்ன சாது!” என்பார்கள். சூட்டியை அந்தக் குடும்பம் தெரிவு செய்ததும் அப்படித்தான்.

பயம் வந்தால் நாய்க்கு முதலில் தோன்றுவது ஓடுவது. கழுத்தில் பட்டி, மறுநுனி ஒருவர் கையில் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது எதிர்ப்பது அல்லது உறைந்து போவது. உறைந்த நாயின் வாய் இறுக மூடியிருக்கும். சாப்பாடு இல்லாத நேரத்தில் நாக்கு மூக்கை நக்கி நக்கிப் போகும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி வரும், முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புவதால் விழியின் வெள்ளை பிறை போலத் தெரியும். சந்தேகம் இருந்தால் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டை முன்னால் போட்டுப் பாருங்கள். ஈரலை மணந்துகூடப் பார்க்காத நாய் பெரும்பாலும் சாது இல்லை. பயத்தில் வயிறு பூட்டிக்கிடக்கிறது.

இதே நாய் புது வீட்டில் சில வாரங்கள் கழித்து, கொஞ்சம் தைரியம் வந்ததும், உறுமத் தொடங்கும். “நல்லா இருந்த நாய், பழுதாப் போச்சு” என்று அப்போது சொல்வார்கள். பழுதாகவில்லை, வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்த உறுமல்தான் நாயைத் திருப்பி அனுப்பும்.

ஆகவே இப்படிப்பட்ட நாயை முகாமுக்குக் கொண்டு போகவே வேண்டாம். பழகிய இடத்தில், பழகிய ஆளோடு இருக்கும்போது ஒரு வீடியோ எடுங்கள். வாசலில் அந்நியர் வரும்போது ஒன்று, தூரத்தில் இன்னொரு நாய் போகும்போது ஒன்று. மூன்றையும் அனுப்புங்கள், அழகாக இருக்கும் ஒன்றை மட்டும் அல்ல.

கண்ணீர்க் கதை எழுதுவது

‘கொடூரமானவர்கள் அடித்துத் துரத்தினார்கள், கொஞ்சம் அன்பு மட்டும் போதும்.’ நானும் எழுதியிருக்கிறேன். உண்மையில் அடித்தார்களா என்று அநேகமாக எங்களுக்குத் தெரியாது. ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3 ஆம் வாரத்திலிருந்து 14 ஆம் வாரம் வரைதான். அந்த நாட்களை ஒரு மதகுக்குக் கீழேயோ காப்பகக் கூட்டுக்குள்ளோ கழித்த குட்டிக்கு, குடையும் ஹெல்மெட்டும் லிஃப்ட் கதவும் பிறகு பேயாகத் தெரிவதற்கு யாரும் அடித்திருக்கத் தேவையில்லை. தாயின் பயந்த சுபாவமும் சேர்ந்து வரும்.

இந்தக் கதையில் இன்னொரு கெடுதல் உண்டு. “நான் மாத்திக் காட்டுறன் பாருங்கோ” என்கிற இரட்சகர்களை அது வரவழைக்கும். முதல் நாளே மடியில் தூக்கி வைத்து அழுவார்கள். அந்த நாய்க்கு வேண்டியவர் ஒரு மாதம் அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கக்கூடியவர்.

இப்போது நான் எழுதுவது இந்த மாதிரி: ‘ஹெல்மெட் போட்ட ஆண்கள் பத்து மீற்றருக்குள் வந்தால் குரைத்துப் பாய்வாள். பெண்களோடு இரண்டாம் மூன்றாம் சந்திப்பில் பழகுவாள். வேறு நாய்களைத் தூரத்தில் சகிப்பாள். கட்டிலுக்கு அடியில் கை விட்ட பிள்ளையின் கையில் ஒரு தடவை பல் பட்டது. கருத்தடை செய்தாயிற்று, ஊசி அட்டை உண்டு. தொடர்மாடிக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் தர மாட்டோம்.’ லைக் குறைவுதான். அழைப்பவர்களும் குறைவு. ஆனால் அழைப்பவர்கள் வேறு ரகம்.

கடித்த விஷயத்தை ஒருபோதும் மறைக்காதீர்கள். ‘கடிக்கும்’, ‘கடிக்காது’ என்ற இரண்டு சொல்லும் போதாது. இயன் டன்பார் என்ற மிருக வைத்தியர் கடியை 6 படிகளாகப் பிரித்திருக்கிறார். பல் தோலில் படாமல் பாய்வது முதற்படி, பட்டும் துளைக்காதது இரண்டாவது, ஒரே கடியில் ஆழமில்லாத ஒன்று முதல் நாலு துளை வரை மூன்றாவது. நாலாவதில் பல் ஆழ இறங்கியிருக்கும். முதல் இரண்டு படி நாய்களுக்கு வீடு தேடலாம். நாலாம் படிக்கு வந்த நாயை, எவ்வளவு பாசம் இருந்தாலும், ஒரு சாதாரண குடும்பத்திடம் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

இதோடு இன்னொன்று. 2006 இலிருந்து அரசு தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை. கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டு இருந்த இடத்திலேயே விடுவதுதான் முறை. ஒழுங்கையில் கடைக்காரர் போடும் சோற்றைத் தின்று, நாலு வீட்டுக்கும் பொதுவாக நிம்மதியாக வாழும் நாயை ‘காப்பாற்றி’க் கூட்டில் அடைத்தால் அது பயந்த நாயாக மாறும். பிறகு அதற்கு வீடு தேடி அலைவோம். சில நாய்களுக்கு ஒழுங்கைதான் வீடு.

கேட்க வெட்கப்படும் கேள்விகள்

“நாய் பிடிக்குமா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். வேறு கேள்விகள் வேண்டும். வீட்டில் ரியூஷன் நடக்கிறதா? பின்னேரம் நாலு மணிக்கு முப்பது பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் வீடு இந்த நாய்க்கு நரகம். மேல்மாடியில் வாடகைக்கு ஆட்கள் உண்டா? அவர்களுக்குப் பொது வாசலா? சனி ஞாயிறுகளில் யார் யார் வந்து போவார்கள்?

முக்கியமாக, கனடா பைல் எந்த நிலையில் இருக்கிறது? சிரிக்காதீர்கள். இரண்டு வருடத்தில் விசா கிடைத்து நாயை அயலவரிடம் விட்டுப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு சாதாரண நாய் அந்த மாற்றத்தைத் தாங்கும். பயந்த நாய்க்கு நம்பிக்கை வர எடுத்த இரண்டு வருடமும் ஒரே நாளில் போய்விடும்.

“நல்லாக் குரைக்குது, காவலுக்கு ஆகும்” என்பவரிடம் கொடுக்காதீர்கள். பயத்தில் குரைக்கும் நாய்க்கு வேண்டியது தூரம். காவலுக்கென்று கேற்றடியில் சங்கிலியில் கட்டினால் தூரத்தையும் பறித்து, போகிற வருகிற அத்தனை பேரையும் அதன் முகத்துக்கு நேரே அனுப்புகிறோம். குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி. இவை குரைக்கும், போகாவிட்டால் கடிக்கும்.

கையளிக்கும் நாள்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளிக்கும் டிசம்பர் 31 க்கும் பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வெடி. கிரிக்கெட்டில் வென்றாலும் வெடி. பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் ஒத்திகை விமானங்கள் கூரையை உரசிக்கொண்டு போகும். ஒக்டோபர், நவம்பரிலும் ஏப்ரலிலும் பின்னேர இடி. மிஞ்சுவது நடு வருடம்தான். அதிலும் ஆடிவேல் ரதம் பம்பலப்பிட்டிப் பக்கம் வரும் நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டோவில் கொண்டு போகவே கூடாது. இரண்டு பக்கமும் திறந்த வண்டி, சிக்னலில் பக்கத்தில் பஸ் ஹோர்ன் அடித்தால் போதும், நாய் பட்டியை உருவிக்கொண்டு வீதிக்குப் பாய்ந்துவிடும். மூடிய காரில், கூட்டுக்குள் வைத்துக் கொண்டு போங்கள். உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டி ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் சாதாரணப் பட்டி தலையால் கழன்று வரும். தப்பி ஓடும் நாய்களில் பல முதல் சில நாட்களிலேயே ஓடுகின்றன.

ஓடிவிட்டால் ஊரைக் கூட்டித் துரத்த வேண்டாம். துரத்துகிற ஒவ்வொருவரும் அதை இன்னும் ஒரு சந்தி தள்ளி அனுப்புகிறார். கடைசியாகக் கண்ட இடத்தில் அதன் பழைய துணியும் சாப்பாடும் வைத்து, நகரம் அடங்கிய பிறகு ஒருவர் மட்டும் நிலத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புது நாய் பார்க்க வரும் சொந்தக்காரரை ஒரு மாதமாவது நிறுத்துங்கள். நிறுத்த முடியாதென்றால் நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். வருபவர் செய்யும் முதற் காரியம் குனிந்து கை நீட்டுவது. எங்கள் ஊர் நாய்க்குக் குனிந்த மனிதன் என்றால் கல் பொறுக்கும் மனிதன். தெருவில் நாய் துரத்தினால் கல்லில்லாவிட்டாலும் குனிந்து காட்டத்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? நாய்களும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, பார்க்காமல், ஈரல் துண்டைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். உறுமல்தான் கடிக்கு முன்னால் வரும் அறிவித்தல். அதைத் தண்டித்து நிறுத்தினால் அறிவித்தல் இல்லாமல் கடிக்கும் நாய் கிடைக்கும். ‘பழக்க வேண்டும்’ என்று சனம் நெரியும் காலி முகத்திடலுக்கு ஞாயிறு பின்னேரம் இழுத்துக்கொண்டு போவதும் வேலைக்காகாது. காலையில் ஒரு ஹோர்ன், பத்து மணிக்கு ஒரு தபால்காரர், பின்னேரம் ஓர் இடி என்று பயம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். இறங்க மணித்தியாலங்கள் ஆகும், சிலவேளை நாட்கள். ஐந்து மணிக்குப் பூனைக்குப் பாய்ந்த நாய் உண்மையில் காலை ஹோர்னுக்குப் பாய்ந்திருக்கலாம். அப்படியான நாளில் நடைக்குப் போகாமல் விடுவதே பயிற்சி.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். ஃப்ளுவொக்ஸெற்றின் போன்ற பதற்றம் குறைக்கும் மருந்துகளை மிருக வைத்தியர் தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும், மூன்றாம் நாள் ‘சரிவரேல்லை’ என்று நிறுத்தக் கூடாது. வெடிக்கென்று அசிப்ரோமசினை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அது உடம்பைத்தான் அடக்கும், பயம் அப்படியே இருக்கும். எழுந்து ஓட முடியாமல் பயந்து கிடப்பது இன்னும் கொடுமை.

கடித்துத் தோல் கிழிந்தால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, ஊசி அட்டையோடு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாயை 14 நாள் கட்டுக்குள் வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். பயத்தில் நாயைத் துரத்திவிட்டால் கவனிக்க நாயே இருக்காது.

‘எந்த நாளிலும் நாங்கள் திருப்பி எடுப்போம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது’ என்று எழுத்தில் கொடுத்து, மூன்றாம் நாளும் மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் நீங்களாக அழையுங்கள்.

சூட்டி இப்போது இரத்மலானையில், மதில் சூழ்ந்த ஒரு தனி வீட்டில், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரோடு இருக்கிறாள். கொடுக்கும் முன் ஆறு தடவை ரீச்சர் காப்பகத்துக்கு வந்து, தொடாமல், வாங்கில் இருந்து பத்திரிகை வாசித்துவிட்டுப் போனார். எல்லாம் சரியாகச் செய்தேன் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் அழைத்தபோது ரீச்சருக்கு ஒரே குழப்பம்.

“தம்பி, நான் போனிலை ஆரோடையும் கதைச்சால் உடனை ஓடி வந்து முன்னாலை நிக்கிறாள். பிறகு ஏன் வந்தனெண்டு தெரியாமல் நடுங்கிறாள்.”

யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. காப்பகத்தில் எல்லோரும் அவளோடு சிங்களத்தில்தான் பேசினோம். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வா’. ஒரு தமிழ் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ‘என்ன’! அவளுக்குத் தெரிந்த சொற்களின் பட்டியலை எழுதிக் கொடுக்க நான் நினைக்கவே இல்லை. ரீச்சர் இப்போது போனை எடுத்தால் “ஓம், சொல்லுங்கோ” என்கிறார். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் “என்ன” என்கிறார், சூட்டி வாலை ஆட்டிக்கொண்டு வருகிறாள்.